எழவுப் பயறு

போன மாதம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதி வாங்கப் போனபோது டாக்டர் பையன் எனக்கு ஒரு பாடம் நடத்தினான். என் பேரன் வயதுதான் இருக்கும். பயறுகளில் இருக்கிற புரதம் வயிற்றில் செரிக்கும்போது துண்டு துண்டாக உடையுமாம். அந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயராம். அவற்றில் சில, ரத்தக் குழாய் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். "மாத்திரையை நிறுத்தீராதீங்கம்மா, ஆனா தினமும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சாப்பிடுங்க, ரொம்ப நல்லது" என்றான். சரி சாமி என்று எழுந்து வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் அதற்குப் பெப்டைடு என்று பெயர் இல்லையப்பா, எழவுப் பயறு என்று பெயர் என்று அந்தக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டு உட்கார முடியுமா?

நான் பிறந்தது எடப்பாடிப் பக்கம், மானாவாரிக் காட்டுக்காரர்கள் வீட்டில். மழை பெய்தால் பயறு, பெய்யாவிட்டால் பட்டினி. பச்சைப்பயறை வாசம் வர வறுத்து, வேகவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு மத்தால் கடைந்து சோற்றில் ஊற்றினால் நாங்கள் வட்டலை வழித்து நக்குவோம். விருந்தாளி வந்தாலும் அதுதான், வெள்ளிக்கிழமையானாலும் அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாயும் பூமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நெல்லும் வாழையும் விளைகிற ஊர். மூன்று வேளையும் நெல்லுச்சோறு திங்கப் போகிறாள் பாரு என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். நானும் பெருமையாகத்தான் போனேன்.

போன முதல் வாரம், என் கைப்பக்குவத்தைக் காட்டுகிறேன் என்று வீட்டில் யாரையும் கேட்காமல் பச்சைப்பயறை வறுத்து வேகப் போட்டேன். மாமியார் வாய்க்காலில் துணி துவைத்துவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. ஈரத்துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து,

"ஆருடி செத்தா? இந்த ஊட்டுல ஆரு செத்தான்னு இதைய வேக வெச்சே?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் எருக்குழியில் கவிழ்த்துவிட்டு வந்தார். பிறகுதான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வகையறாவில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். பங்காளி வீட்டில் பச்சைப்பயறை வறுத்துத் தாளிக்காமல் கடைந்து சோறும் ஆக்கிக் கொண்டுவருவார்கள். காரியம் முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்கள் அதைத்தான் சாப்பிட வேண்டும். மற்ற நாளில் அந்த வீடுகளில் பயறு வேகாது. விளைந்தால் விற்றுவிடுவார்கள். அந்த வாசம் வந்தால் பங்காளிகள் சேர்ந்திருக்கும் அந்த வளவில் சாவு என்று அர்த்தம். எங்கள் ஊரில் விருந்து, இவர்கள் ஊரில் எழவு. இதைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் அன்றிரவு வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

முதலில் மகன் பிறந்தான். அவன் நன்றாக நடக்கத் தொடங்கி, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்த காலத்தில் நான் மறுபடி உண்டானேன். உண்டானவள் பால் கொடுக்கக் கூடாது என்று வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிவிட்டார்கள். அவன் வாய் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அதன்பின் அவனுக்குக் கஞ்சிதான். குழைந்த சோறும் கஞ்சித்தண்ணியும், கொஞ்சம் உப்பும். பசு வற்றிக் கிடந்தது. பருப்பு சின்ன வயிற்றுக்கு வாய்வு என்று மாமியார் கண்ணில் காட்ட மாட்டார். சில மாதம் போனதும் அவன் கன்னம் உப்பிற்று. பார்த்தவர்கள், பையன் நெல்லுச்சோறு தின்று மொழுமொழுவென்று ஆகிவிட்டான் என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, அப்படியே நின்றது. தலைமுடி சிவந்து நூல் நூலாக வந்தது. எல்லாவற்றையும்விட, அவன் அழுவதை நிறுத்திவிட்டான். சுவர் ஓரம் உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான். கோழி வந்து பக்கத்தில் கொத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஊரில் எல்லோருக்கும் அதற்கு ஒரு பெயர் தெரிந்திருந்தது. சவலை. வயிற்றில் இன்னொன்று வந்துவிட்டதால் மூத்தது ஏங்கிப் போவதற்குப் பெயர் சவலை. ஏக்கத்துக்கு என்ன மருந்து? மந்திரித்தார்கள். கயிறு கட்டினார்கள். கம்பவுண்டர் ஒருவர் சிவப்பாக ஒரு டானிக் கொடுத்தார். மகள் பிறந்தாள். அவள் என் மடியில் பால் குடிக்கும்போது அவன் சுவரோரம் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை.

சின்னப் பிள்ளை என்றாலும் முறை முறைதான். பங்காளி வீட்டில் பயறு வறுத்தார்கள். ஒரு குண்டா நிறையக் கடைந்து கொண்டுவந்து வைத்தார்கள். என்னால் முடியாது என்றேன். "பால் குடுக்கறவ வயித்தக் காயப் போடாதே கண்ணு, தின்னு" என்று ஒரு பெரியம்மா உருட்டிக் கையில் வைத்தார். தின்றேன். பசித்தது. ருசியாகவும் இருந்தது, எங்கள் அம்மா வீட்டு ருசி. சீ, என்ன உடம்பு இது என்று இருந்தது எனக்கு.

மகளை ஊர் சும்மா விடவில்லை. அண்ணனை ஏங்க வைத்துவிட்டு வந்தவள் என்று அவள் காதுபடவே பேசுவார்கள். பால்குடிக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரிடம் வாய்க்கால் கரையில் நேருக்கு நேர் கேட்டும்விட்டேன், உங்கள் பிள்ளைகள் எல்லாம் யாரைத் துரத்திவிட்டு வந்தார்கள் என்று. அதிலிருந்து எனக்கு வாயாடி என்று பெயர்.

நடக்கிற வயதில் அவளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய பிறகும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அம்மை கண்ட உடம்பு என்று பத்தியம். மறுபடி கஞ்சி. மறுபடி கஞ்சித்தண்ணி. ஒருநாள் காலையில் அவளைத் தூக்கி முகம் கழுவிவிட்டேன். கன்னம் உப்பி, கண் சுருங்கி, உதட்டோரம் வெடித்து, என் கையில் இருந்த முகம் மகள் முகம் இல்லை. அவன் முகம். என் மகன் அவள் முகத்துக்குள் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நான் கத்திவிட்டேன். செம்பு கையிலிருந்து உருண்டு ஓடியது.

காலை அமுக்கினேன். பள்ளம் விழுந்தது. அவளைச் சுவரோரம் உட்கார வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தாள், அதே சுவர்.

இப்போது சவலை என்று யாரும் சொல்ல முடியாது. நான் உண்டாகவில்லை. அதனால் வேறு சொன்னார்கள். "அண்ணங்காரன் கூப்படறானுங்க. தனியாக் கெடக்கறான் பாருங்க, தொணைக்குக் கூப்படறான்" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா மாமியாரிடம் சொன்னார். அந்த அக்கா கெட்டவர் இல்லை. அவர் அதை நம்பினார். பாதி நானும் நம்பினேன். அந்த வீட்டில் நடமாட எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படியில் நிற்கும்போது முந்தானையை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். என் பிள்ளைக்கே நான் பயப்பட்டேன். ஒரு மதியம், யாரும் இல்லாதபோது, அந்தச் சுவரைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்: "சாமி, நீ போனது போதும். இவளை உட்ரு."

அவன் விடுவான் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அக்கா இருந்தாள். மாமாவுக்கு ரயிலில் வேலை. மந்திரிக்கப் போகிறோம் என்று மாமியார் கிளம்பிய அன்றைக்கே நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் திருச்செங்கோடு வரை வந்து சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் முழுக்க அவள் ஒரு சத்தம் போடவில்லை. எவ்வளவு சமர்த்தான குழந்தை என்று பக்கத்து சீட்டு அம்மா மெச்சிக்கொண்டார்.

அக்கா ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. காலை அமுக்கினார், முடியை இழுத்துப் பார்த்தார், என்ன சாப்பாடு கொடுக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"பருப்பு?"

"ஆகாதுங்களே. வாய்வு."

"யார் சொன்னது ஆகாதுன்னு?" என்று கோபமாகக் கேட்டார். "இது வீக்கம், சதையில்ல. வெறும் கஞ்சியில பிள்ளை உடம்புக்கு என்ன இருக்கு? சதை கட்டறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. பாலும் முட்டையும் முடிஞ்சா குடு. இல்லைன்னா பச்சைப்பயறு போதும். வறுத்து, வேக வெச்சு, நல்லாக் கடைஞ்சு, சோத்துல பிசைஞ்சு குடு. சின்ன வயித்துக்கு அதுதான் லேசு. மொதல்ல கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் மாசக் கணக்குல விடாம."

பிறகு நான் கேட்டுவிட்டேன். கேட்காமல் என்னால் எழுந்து வர முடியாது. இவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இதே மாதிரி வீங்கிப் போனானுங்க, அவனுக்கும் இதுதானுங்களா என்றேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ சொல்றதைப் பாத்தா இதேதான்மா" என்றார்.

அன்றைக்கு ஜங்ஷன் பக்கம் நடந்து வரும்போது என் காதில் ரயில் சத்தம் எதுவும் ஏறவில்லை. அவன் செத்த பிறகு ஒரு குண்டாப் பயறு எங்கள் வாசலுக்கு வந்தது. ஊரே உட்கார்ந்து தின்றது. அவன் உயிரோடு இருந்தபோது ஒரு கரண்டி வரவில்லை. அதில் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்? எந்தச் சாமியைத் திட்டுவது, எந்த மனுஷியைத் திட்டுவது என்று தெரியாமல் நடந்தேன். மாமியாரைத் திட்டுவது என்று கடைசியில் முடிவு செய்தேன். ஊருக்குப் போனதும் அந்தக் கிழவி முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன், உங்கள் பத்தியமும் உங்கள் முறையும்தான் என் பிள்ளையைக் கொன்றது என்று. வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா வீட்டில் வைத்துப் பயறு கொடுத்தோம். முதலில் ஒரு விரல் நுனி. துப்பினாள். மறுபடி கொடுத்தேன். வயிற்றுப்போக்கு மெல்ல நின்றது. ஒருநாள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு நாய்க்குட்டி அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மகள் வாயைத் திறந்து வீல் என்று அழுதாள். அக்கா நாயை விரட்ட ஓடினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுடி, நல்லா அழுடி என் தங்கமே என்று நானும் சேர்ந்து அழுதேன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு எங்களைப் பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும்.

வீக்கம் பாதி வடிந்ததும் ஊருக்குத் திரும்பினேன். மடியில் பச்சைப்பயறு முடிச்சு. மறுநாள் வீட்டுக்காரர் தண்ணீர் கட்டப் போன பிறகு அடுப்பைப் பற்ற வைத்து வாணலியில் பயறைக் கொட்டினேன். மாமியார் கொல்லைப்புறத்துப் பொடக்காளியிலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு எழவுச் சோறு ஆக்கறியா? ஒண்ணக் குடுத்தது பத்தலையா?"

"உசுரோட இருக்கோணும்னுதானுங்க, டாக்டரம்மா சொல்லி ஆக்கறேன்" என்றேன். "இந்தச் சட்டியையும் எருக்குழியில கொட்டறதுன்னா, என்னையும் சேத்துக் கொட்டீருங்க."

அவர் சட்டியைத் தொடவில்லை. வீட்டு முன் ஆசாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்தார். ஏன் வாசலைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பயறு வெந்து, கடைந்து, சோற்றில் பிசைந்து வட்டலில் போட்டு மகள் முன்னால் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் அள்ளினாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வரப்பு வழியாகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, "அய்யோ என்ர சாமீ, நீயும் போயிட்டியா" என்று ஒப்பாரி. முன்னால் வந்தது பக்கத்துத் தோட்டத்து அக்கா, தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார். சீக்கான பிள்ளையைச் சேலத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள், மறுநாள் பயறு வறுக்கிற வாசம் வருகிறது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கேதம் கேட்க வந்துவிட்டார்கள்.

வாசல் ஏறிய அக்கா அழுகையோடு அப்படியே நின்றார். நடுவீட்டில் செத்துப்போன பிள்ளை உட்கார்ந்திருந்தது. முகமெல்லாம் பயறு. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தோ என்னவோ வட்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்க்குள் இன்னும் திணித்தாள். ஒரு பெண், "அடியாத்தாடி" என்றார். ஒருத்தி சிரித்தேவிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முடியை முடிந்தபடி, "நல்லாருக்கட்டுமுங்க, நூறு வயசு இருப்பா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நானும் மாமியாரும் மகளும் மட்டும் இருந்தோம். மகள் வட்டலை வழித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நீட்டினாள். போட்டேன். மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவனுக்கும் இதுதானாமா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை என் நாக்கில் இருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

"நீ காட்டுல இருப்பே. உனக்குத் தெரியாது. எருதுக்குக் கொள்ளு வேகவெச்சுத் தொட்டியில ஊத்துவனில்ல. அவன் சொவுத்தோரத்துல இருந்து தவந்து தவந்து அங்க போயிருவான். ஒரு நாளு வாய் நெறைய அள்ளிப் போட்டுக்கிட்டான். மாட்டுத் தீனி, வயிறு வெடிச்சுப் போகும்னு நான் வாய்க்குள்ள வெரலை உட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன்." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கடிச்சான் சாமி. எந்திரிக்கவே சத்தில்லாத புள்ளை, என்ர வெரலைக் கடிச்சுக்கிட்டு உடவே மாட்டேன்னான்."